டென்மார்க் காகித இதயக் கூடையும் 8 முனை நட்சத்திரமும்: வீட்டிலேயே செய்ய முழு வழிகாட்டி

டென்மார்க்கில் ஒரு வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் கட்டாயம் கண்ணில் படுவது, சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாகப் பின்னிய காகித இதயங்கள். தட்டையாகத் தெரிந்தாலும் உள்ளே விரலை விட்டால் பை மாதிரித் திறக்கும், கைப்பிடியும் இருக்கும். அந்தக் கூடைக்குள் உலர்ந்த திராட்சை, கொட்டைகள், சின்னச் சின்ன மசாலா பிஸ்கட்டுகள் போட்டு மரத்தில் தொங்கவிடுவார்கள். டிசம்பர் 24 மாலை குடும்பமே கைகோத்துப் பாட்டுப் பாடிக்கொண்டு மரத்தைச் சுற்றி வரும், குழந்தைகளின் கண் என்னவோ கூடை மேலேயே இருக்கும். இதன் பெயர் யூலெயெர்டெ. நார்வேயிலும் இதே கூடை உண்டு, அங்கே யூலெகுர்வ் என்பார்கள்.

நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய பின்னல் இதயம், குழந்தைக் கதைகளால் உலகம் அறிந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860-இல் செய்தது. கத்தரிக்கோலும் தாளும் கையில் கிடைத்தால் போதும், பேசிக்கொண்டே உருவங்கள் வெட்டித் தள்ளுகிற மனிதர் அவர். அந்த இதயம் சிவப்பு வெள்ளை கிடையாது, மஞ்சளும் பச்சையும். அதனால் இந்த நிறம்தான் இருக்க வேண்டும் என்று யாராவது அடித்துச் சொன்னால் கவலைப்படாதீர்கள், கையில் இருக்கிற இரண்டு நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1871-இல் ஒரு கைவினை இதழில் செய்முறை அச்சானது. ஆனாலும் வீட்டுக்கு வீடு பரவியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், பளபளப்பான வண்ணத்தாள் கடைகளில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு.

இப்போதும் டிசம்பர் வந்தால் அங்கே பள்ளிகளிலும் வீடுகளிலும் வெட்டி ஒட்டுவதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கிவிடுவார்கள். மேசை முழுக்கத் தாள் துண்டுகள், பக்கத்தில் சூடான பானம், பெரியவர்களும் குழந்தைகளும் ஒரே மேசையில். காசு கொடுத்து வாங்குகிற அலங்காரத்தில் இந்த மதிப்பு வராது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, வேலைக்கு வருவோம்.

தாள் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள்

பாதிப் பேர் முதல் இதயத்திலேயே வெறுத்துப்போய் விட்டுவிடுவதற்குக் காரணம் கை இல்லை, தாள்தான். சார்ட் பேப்பர் வேண்டாம், தடிமன் அதிகம், கடைசி வரிசையில் நுழையவே நுழையாது. கிரேப் பேப்பர் இழுத்தால் நீளும், ஜிகினாத்தாள் மடிப்பில் கிழியும். 80 முதல் 100 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வரை உள்ள வண்ணத்தாள் போதும், ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிற கலர் ஏ4 தாளே அருமையாக வரும். ஒரு பக்கம் வழுவழுப்பாக இருக்கும் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது, பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று சுலபமாக வழுக்கிப் போகும். இதயத்துக்கு ஒரு பக்கம் மட்டும் நிறம் இருந்தால் போதும். நட்சத்திரத்துக்கு இரண்டு பக்கமும் நிறம் வேண்டும், ஏனென்றால் அதில் தாளின் பின்பக்கமும் வெளியே தெரியும்.

கூடவே நல்ல கூர்மையான கத்தரிக்கோல், அடிக்குச்சி, பென்சில், காம்பஸ் அல்லது வட்டம் வரைய ஒரு கப், கொஞ்சம் பசை. பின்னலுக்குப் பசை கிடையாது, கைப்பிடிக்கு மட்டும்தான்.

இதயக் கூடை

கணக்கு ஒன்றுதான், அதை மனதில் வாங்கிக்கொண்டால் எந்த அளவிலும் நீங்களே செய்யலாம். இதயம் என்பது ஒரு சதுரமும், அதன் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் ஒட்டிய இரண்டு அரைவட்டங்களும். அந்தச் சதுரம்தான் பின்னப்படும் பகுதி. ஆகவே பட்டை வெட்டும் நீளம் தாளின் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், தாளின் தடிமனுக்காக 3 முதல் 5 மி.மீ. கூடுதலாக. இந்தக் கூடுதலை விட்டுவிட்டால் கடைசி வரிசை இடம் போதாமல் கிழியும், 1 செ.மீ. அளவுக்குக் கூட்டிவிட்டால் முடித்த பிறகு வளைவுக்கு அடியில் ஓட்டை தெரியும்.

முதல்முறை செய்பவர்களுக்கு 9 செ.மீ. அகலம், 3 பட்டை. குழந்தைகளோடு உட்கார்ந்தாலும் இதிலிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொரு நிறத்திலும் 9 செ.மீ. அகலம், 28 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டு, இரண்டும் ஏ4 தாளிலிருந்தே வரும். நிறமுள்ள பக்கம் வெளியே இருக்கும்படி குறுக்கே இரண்டாக மடியுங்கள், இப்போது 9-க்கு 14 செ.மீ. மடிப்பை நகத்தால் நன்றாக அழுத்தித் தேயுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து 9.5 செ.மீ. அளந்து ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே மிஞ்சுகிற 4.5 செ.மீ. உயரத்தில் அரைவட்டம் வரைந்து வெட்டுங்கள். அப்புறம் மடிப்பிலிருந்து கோடு வரைக்கும் 3 செ.மீ. இடைவெளியில் இரண்டு நேர் வெட்டு, இரண்டு மடிப்புத்தாளும் சேர்ந்தே வெட்டுப்பட வேண்டும். மூன்று பட்டைகள் தொங்கும், ஒவ்வொன்றும் அடியில் மூடிய ஒரு வளையம். இன்னொரு நிறத்திலும் இதையே அச்சாகச் செய்யுங்கள். இரண்டு துண்டும் மி.மீ. கூடப் பிசகாமல் ஒரே அளவில் இருக்க வேண்டும், இந்த இடத்தில் அவசரம் வேண்டவே வேண்டாம்.

கை பழகிய பிறகு 8 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளம், 8.5 செ.மீ. வெட்டு, 2 செ.மீ. வீதம் 4 பட்டை என்று போங்கள். மரத்தில் தொங்கவிட இதுதான் எனக்குப் பிடித்த அளவு.

இனிப் பின்னல். சாதாரணப் பாய்ப் பின்னலில் ஒரு பட்டை மேலே போகும், அடுத்தது கீழே போகும். இங்கே மேலே கீழே என்பதே கிடையாது. ஒரு பட்டை இன்னொன்றின் வளையத்துக்கு உள்ளே போகும், அடுத்த இடத்தில் அதுவே மற்றதைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. இதனால்தான் கூடை திறக்கிறது. ஒரே ஓர் இடத்தில் பழக்கதோஷத்தில் மேலாகவோ கீழாகவோ போய்விட்டால் அந்த இடம் பூட்டிக்கொள்ளும்.

வெள்ளைத் துண்டை மேசையில் வையுங்கள், வளைவு மேலே, பட்டைகள் கீழே தொங்கட்டும். சிவப்புத் துண்டை வலது பக்கம் வையுங்கள், வளைவு வலப்புறம், பட்டைகளின் மடிப்பு இடப்புறம் பார்த்தபடி. இரண்டு வளைவும் சந்திக்கிற மேல் வலது மூலைதான் பிறகு இதயத்தின் நடுப்பள்ளம் ஆகப்போகிறது.

சிவப்பின் மேல் பட்டையை எடுங்கள். முதலில் எதிர்ப்படுவது வெள்ளையின் வலது ஓரப் பட்டை. அதன் வளையத்தை விரலால் திறந்து, சிவப்பை அதற்குள் நுழையுங்கள். அடுத்தது நடு வெள்ளை. இப்போது சிவப்பின் வளையத்தைத் திறந்து, வெள்ளையின் மடிப்பு முனையை அதற்குள் செலுத்தி மறுபக்கம் எடுங்கள். மூன்றாவதில் மறுபடி சிவப்பு வெள்ளைக்குள். ஒரு வரிசை முடிந்தது. அதை மெதுவாக மேலே, வெள்ளை வளைவை ஒட்டித் தள்ளுங்கள். தள்ளாமல் அடுத்த வரிசைக்குப் போனால் கடைசியில் இடம் இருக்காது.

இரண்டாவது சிவப்புப் பட்டை நேர் எதிர். முதல் வெள்ளை சிவப்புக்குள், அடுத்து சிவப்பு வெள்ளைக்குள், பிறகு வெள்ளை சிவப்புக்குள். மூன்றாவது பட்டை முதல் வரிசை மாதிரியே. 4 பட்டை என்றால் நான்காவது இரண்டாவது மாதிரி, அவ்வளவுதான்.

கடைசி வரிசை எல்லோருக்குமே இறுக்கமாகத்தான் வரும். இழுக்காதீர்கள். முந்தைய வரிசைகளை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள், பட்டையைச் சற்றே வளைத்து மூலையை முதலில் நுழைத்து நகர்த்துங்கள். அப்படியும் வரவில்லை என்றால், பின்னியது பின்னியபடியே இருக்கட்டும், வெட்டுகளை மட்டும் 2 மி.மீ. நீட்டிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் பள்ளம் மேலே வரும்படி திருப்பி, உள்ளே இரண்டு விரல் விட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் சரி. எங்காவது பிடித்தால் அந்தக் கட்டத்தில் பட்டை வளையத்துக்குள் போகாமல் மேலாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த வரிசையை மட்டும் அவிழ்த்து மறுபடி செருகினால் போதும். கைப்பிடிக்கு 1.5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை. ஒரு முனையை நடுப்பள்ளத்தின் அருகே முன்பக்க உட்புறத்திலும், மறுமுனையைப் பின்பக்க உட்புறத்திலும் ஒட்டிக் காயவிடுங்கள். ஈரத்தோடு உள்ளே பிஸ்கட் போட்டுவிடாதீர்கள்.

இந்த இதயத்தின் அழகு இங்கே நின்றுவிடுவதில்லை. பட்டைகள் ஒரே அகலத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 8 செ.மீ. துண்டில் ஓரங்களில் 1 செ.மீ., நடுவில் 2 செ.மீ. மூன்று என்று 5 பட்டை வெட்டிப் பாருங்கள், ஓரத்தில் மெல்லிய கரை ஓடி முகமே மாறிவிடும். வெட்டுகளை வளைகோடாகப் போட்டால் நடுவில் குட்டி இதயங்களும் பூவிதழ்களும் தோன்றும், டென்மார்க்கில் இதற்கென்று வரைபடங்கள் சேர்த்து வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் வளைகோட்டில் பட்டை ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் குறுகலாகவும் இருப்பதால் நுழைப்பது நிஜமாகவே கடினம். நேர் வெட்டில் ஏழெட்டு இதயம் செய்து கை பழகாமல் அங்கே போகாதீர்கள்.

8 முனை நட்சத்திரம்

இந்த நட்சத்திரம் டென்மார்க்கிலும் மற்ற நாடுகளிலும் மரத்திலும் சன்னலிலும் தொங்கும், ஆனால் ஜெர்மனியில் இதை ஃப்ரோபல் நட்சத்திரம் என்றே சொல்கிறார்கள். கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840-இல் தந்த கல்வியாளர் ஃப்ரோபல், குழந்தைகளின் கைக்குத் தாள் மடிப்பதையும் காகிதப் பாய் பின்னுவதையும் பாடமாகவே வைத்தவர். டென்மார்க் கடைகளில் இதற்கான பட்டைகளை வெட்டியே விற்கிறார்கள். நாம் வெட்டிக்கொள்வோம்.

1.5 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளத்தில் 4 பட்டை. அகலத்தைப்போல 30 மடங்கு நீளம் என்று வைத்துக்கொண்டால் எந்த அளவுக்கும் பொருந்தும், 1 செ.மீ. பட்டை என்றால் 30 செ.மீ. பெரிய தாளில்தான் 45 செ.மீ. கிடைக்கும், ஏ4 மட்டும் இருந்தால் 9 மி.மீ. அகலத்தில் 27 செ.மீ. நீளம் சரியாக வரும், ஆனால் அவ்வளவு சின்னதை முதல் தடவை செய்யாதீர்கள். நான்கையும் நடுவில் இரண்டாக மடித்து, முனைகளைச் சாய்வாக வெட்டிக் கூர்மையாக்குங்கள், பிறகு நுழைக்கச் சுலபம்.

முதல் பட்டையைப் படுக்கையாக வையுங்கள், மடிப்பு இடப்பக்கம், இரண்டு வால்களும் வலப்பக்கம். இரண்டாவது பட்டை அதன் மேல் செங்குத்தாக உட்கார்ந்து முதல் பட்டையைக் கவ்வட்டும், மடிப்பு மேலே, வால்கள் கீழே. மூன்றாவது, முதல் பட்டைக்குக் கீழே, இரண்டாவதைக் கவ்வட்டும், மடிப்பு வலப்பக்கம், வால்கள் இடப்பக்கம். நான்காவது, இரண்டாவதற்கு இடப்பக்கம், மூன்றாவதைக் கவ்வட்டும், மடிப்பு கீழே, வால்கள் மேலே. அந்த மேலே போகும் வால்களை முதல் பட்டையின் மடிப்புக்குள் நுழைத்து எடுங்கள். இப்போது நான்கு பக்கத்து வால்களையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இழுத்தால் நடுவில் ஒரு குட்டிச் சதுரம் இறுகும். தளர்வாக விட்டுவிட்டால் மேற்கொண்டு செய்வது எல்லாமே கோணும், ஆகவே இறுக்கிய பிறகே அடுத்தது.

ஒவ்வொரு பக்கமும் இரண்டு வால் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேலடுக்கில் இருக்கும் வால்களை மட்டும் வரிசையாகச் சதுரத்தின் மேல் மடியுங்கள். முதலில் வலது வாலை இடப்பக்கமாக, அடுத்து மேல் வாலைக் கீழ்ப்பக்கமாக, அடுத்து இடது வாலை வலப்பக்கமாக, கடைசியாகக் கீழ் வாலை மேல்நோக்கி மடித்து, முதலில் மடித்த பட்டைக்கு அடியில் நுழைத்து இழுங்கள். இப்போது ஒவ்வொரு பக்கமும் இரண்டு வால் அருகருகே நிற்கும், மொத்தம் 8.

தட்டை முனைகள். மேல்பக்கத்து இரண்டு வால்களில் வலதை எடுங்கள். அதை 45 பாகை சாய்வில் பின்பக்கமாக மடித்து வலப்புறம் போக விடுங்கள். அடுத்து மறுபடி 45 பாகையில் முன்பக்கமாக மடித்துக் கீழே இறக்குங்கள், கூரை மாதிரி ஒரு முக்கோணம் வரும். அந்த முக்கோணத்தை நடுவில் இடப்பக்கமாக மடியுங்கள், வால் சதுரத்தின் மேல் கீழ்நோக்கிக் கிடக்கும். அங்கே குறுக்கே ஓடுகிற பட்டைக்கு அடியில் வாலைச் செருகி இறுக இழுங்கள். ஒரு முனை முடிந்தது. நட்சத்திரத்தை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பி, மறுபடி மேல்பக்கத்து வலது வால். நான்கு முடிந்ததும் கவிழ்த்துப் போட்டு, மிச்சம் நான்கு வால்களுக்கும் இதே வேலை.

இங்கேயே நிறுத்தி முனைகளைக் கத்தரித்துவிட்டாலும் அழகான தட்டை நட்சத்திரம்தான், வாழ்த்து அட்டையில் ஒட்ட அதுவே போதும். மேலே எழும்பிய முனைகள் வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை. சதுரத்தின் மேல் கிடக்கிற ஒரு வாலை எடுங்கள். மடிப்பு விழாமல், பின்பக்கம் வெளியே வரும்படி முறுக்கி ஒரு கூம்பாகச் சுருட்டுங்கள். வால் எந்தப் பட்டையின் மேல் கிடந்ததோ அதே பட்டைக்கு அடியில், நட்சத்திரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முனையை நுழைக்க வேண்டும். சரியாகப் போனால் அது பக்கத்துத் தட்டை முனையின் மடிப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். கூம்பு நிமிர்ந்து கூராக நிற்கும் வரை மெல்ல இழுங்கள், ஆனால் நசுங்கும் அளவுக்கு வேண்டாம். இப்படி நான்கு, கவிழ்த்து இன்னொரு நான்கு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்களை ஓரத்தோடு வெட்டிவிடுங்கள். ஒரு முனையில் ஊசியால் நூல் கோத்தால் தொங்கவிடலாம்.

கூம்பும் மற்ற சின்ன வேலைகளும்

இதயத்தை விட எளிதான தின்பண்டப் பொட்டலம் வேண்டும் என்றால் கூம்பு. 18 செ.மீ. ஆரத்தில் கால் வட்டம் வெட்டி, ஓரத்தில் 1 செ.மீ. மேலேற்றி ஒட்டினால் கிட்டத்தட்ட 9 செ.மீ. வாய் உள்ள கூம்பு கிடைக்கும். வாயைச் சுற்றி வெள்ளைத்தாளில் பூவேலை வெட்டி ஒட்டுங்கள், ஒரு கைப்பிடி, முடிந்தது.

தோரணத்துக்கு இரண்டு நிறத்தில் 1.5 செ.மீ. பட்டைகள். முனைகளைச் செங்கோணமாக ஒட்டி, ஒன்றை மற்றதன் மேல் மாற்றி மாற்றி மடித்துக்கொண்டே போய்க் கடைசி முனையையும் ஒட்டிவிட்டு இழுத்தால் படிப்படியாக விரியும். டென்மார்க் குழந்தைகளுக்கு இது எலிப்படிக்கட்டு. கூடவே அந்நாட்டுக் குட்டிக் கொடிகளை நூலில் வரிசையாகக் கட்டி மரத்தில் சுற்றுவதும் அங்கே வழக்கம்.

ஸ்வீடனில் டிஷ்யூ தாளைச் சுருட்டி, இரண்டு பக்க நுனிகளையும் மெல்லிய குஞ்சமாக வெட்டி, மிட்டாய் போலக் கட்டித் தொங்கவிடுவார்கள். 8 செ.மீ. நீளத்தில் ஒரு அட்டைச் சுருள், அதன் மேல் 25 செ.மீ. டிஷ்யூ தாள், இரு பக்கமும் நூல் முடிச்சு. குஞ்சம் மெலிதாக இருந்தால்தான் அழகு, 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

ஒரு முக்கியமான விஷயம். டென்மார்க்கில் இன்றும் பல வீடுகளில் மரத்தில் நிஜ மெழுகுவத்திதான் ஏற்றுகிறார்கள். நீங்களும் ஏற்றுவதாக இருந்தால் காகித அலங்காரம் எதுவும் சுடருக்கு மேலேயோ பக்கத்திலோ வரக் கூடாது, அருகில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும், எரியும்போது யாராவது ஒருவர் அந்த அறையிலேயே இருக்க வேண்டும். சின்ன மின்விளக்குச் சரம் என்றால் இந்தக் கவலையே இல்லை, அதையே பரிந்துரைப்பேன்.

பண்டிகை முடிந்து மரத்தைக் கலைக்கும்போது (ஸ்வீடனில் அது ஜனவரி 13) இதயங்களைக் காலி செய்து, உள்ளே பிஸ்கட் தூள் இல்லாமல் தட்டிவிட்டு, தட்டையாக அமுக்கி ஒரு பழைய நோட்டின் பக்கங்களுக்கு நடுவில் வையுங்கள். தூள் இருந்தால் எறும்பு வரும். நட்சத்திரங்களை மட்டும் நசுங்காத டப்பாவில் போட்டு வையுங்கள். வண்ணத்தாள் வெயிலில் வெளுக்கும் என்பதால் சன்னலோரத்தில் வருடம் முழுக்க விட்டுவைக்க வேண்டாம்.